விற்பனைக் கடிதம் எந்த மேசைக்குப் போகிறது?

மதுரை மாவட்டத்தில் நூலகர் என்ற பெயரில் வேலை பார்ப்பவர்கள் பல வகை. சிம்மக்கல்லில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் இருப்பவர் நூலகர். உசிலம்பட்டிப் பக்கம் ஊர்ப்புற நூலகம் ஒன்றைத் தனியாளாகத் திறந்து, பெருக்கி, மாலையில் பூட்டிச் செல்பவரும் நூலகர்தான். விரகனூர் சுற்றுச்சாலையை ஒட்டிய பொறியியல் கல்லூரியில் குளிரூட்டிய அறையில் கணினிக்கு முன்னால் இருப்பவரும் அவ்வாறே. ஆனால் கல்விப் பொருள் விற்பவர்கள் இந்த மூவரையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மூன்றாமவருக்கு நாள் தவறாமல் மின்னஞ்சல் வருகிறது, கைப்பேசி அடிக்கிறது, முன்னறிவிப்பில்லாமல் ஆள் வந்து வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறார். முதலாமவருக்கு எப்போதாவது ஒரு விலைப்பட்டியல். இரண்டாமவரைத் தேடி யாரும் வருவதில்லை, தன் கவிதைத் தொகுப்பில் ஐந்து படிகளைத் துணிப்பையில் எடுத்துவரும் உள்ளூர்க் கவிஞரைத் தவிர.

கேட்காமல் வரும் விற்பனையைத் தொல்லை என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். தொல்லைதான், மறுக்கவில்லை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அது விழும் இடம். எந்த மேசையில் கடிதங்கள் குவிகின்றன, எந்த மேசையைத் தாண்டிப் போய்விடுகின்றன என்று கவனித்தால், புத்தகம் வாங்கும் முடிவு உண்மையில் யார் கையில் இருக்கிறது, யாருக்காக எடுக்கப்படுகிறது என்பது விளங்கிவிடும். இந்த விஷயத்தில் விற்பனைப் பிரதிநிதியின் கணிப்பு பெரும்பாலும் தப்பாது. பணம் இல்லாத ஊருக்கு அவர் பெட்ரோல் போட்டுக்கொண்டு போக மாட்டார்.

மின்னஞ்சல் வருவதற்கு முன்பும் கேட்காமல் வரும் விற்பனை இருந்தது. தமிழாசிரியர் வீட்டுக்கு 'ஸ்பெசிமன் காப்பி' வந்து இறங்கிய காலம் ஒன்று உண்டு. துணைப்பாடத்துக்கு, அதாவது எல்லோரும் 'நான்-டீடெய்ல்' என்று சொன்ன அந்தச் சிறு நூலுக்கு, எது வைக்கப்படும் என்பதில் பதிப்பாளர்களுக்கு வாழ்வே அடங்கியிருந்தது. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவில் யார் இருக்கிறார் என்பதை அவர்கள் ஜாதகம் போல் வைத்திருந்தார்கள். தானப்ப முதலித் தெருவில் மீனாட்சி புத்தக நிலையம் போன்ற பதிப்பகங்கள் இயங்கிய மதுரைக்கு இந்த வணிகம் புதிதல்ல. மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தொடங்கியபோது தென் மாவட்டக் கல்லூரிகளின் பாடத்திட்டம் சென்னையிலிருந்து இங்கே இடம் மாறியது. பதிப்பாளர்களின் பயணமும் கூடவே மாறியிருக்க வேண்டும்.

நூலகரைத் தேடி வரும் இன்றைய கூட்டத்துக்கு ஒரு காரணம், மற்ற கதவுகள் ஒவ்வொன்றாக மூடியது. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஏற்பட்டது. அரசுப் பாடத்திட்டப் பள்ளிகளின் பாடநூல் வணிகம் அதோடு தனியார் கையைவிட்டுப் போனது. மிஞ்சியது மெட்ரிகுலேஷன் பள்ளிகள். அங்கே ஒவ்வொரு பள்ளியும் தனக்குப் பிடித்த பதிப்பகத்தின் புத்தகத்தை வைத்துக்கொள்ள முடிந்தது. சமச்சீர் கல்வி வழக்கில் 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் பொதுப் பாடத்திட்டத்தை நடைமுறைப்படுத்தச் சொன்னதும் அந்தக் கதவின் பெரும்பகுதி அடைபட்டது. பொது அறிவு, கையெழுத்துப் பயிற்சி, கணினி, மழலையர் வகுப்பு, மத்திய வாரியப் பள்ளிகள் என்று சந்தை சிதறியது. நோட்ஸ் வணிகத்துக்கு மட்டும் இதனால் ஒரு குறையும் வரவில்லை. கோனார் உரையை விற்க எந்த நூலகருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. மாணவனே கடைக்குப் போய் வாங்கிக்கொள்வான்.

பள்ளிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகத்துக்கென்று தனி ஆள் கிடையாது. ஆசிரியர் ஒருவர் கூடுதலாகப் பார்த்துக்கொள்கிறார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலகத்துக்கு ஒதுக்கும் மானியம் பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை. அதற்காக ஒருவர் பேரையூர் வரை போய் வந்தால் பேருந்துக் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் போக மிஞ்சாது. தனியார் பள்ளிகளிலோ பிரதிநிதி நூலகரைத் தாண்டி நேரே தாளாளரிடம் போய்விடுகிறார்.

பொது நூலகங்களின் கதை வேறு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியும் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் வரைவும் சேர்ந்த காரியம் அது. சொத்து வரியோடு நூலக வரி சேர்த்து வசூலிக்கப்படுகிறது, இப்போது ரூபாய்க்கு 10 காசு. மதுரையில் வீட்டு வரி கட்டுகிறவர் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ நூலகத்துக்குப் பணம் கொடுக்கிறார். அந்தப் பணத்தில் என்ன புத்தகம் வாங்குவது என்பதை மட்டும் மதுரை பெரும்பாலும் தீர்மானிப்பதில்லை. மாநிலத்தில் 4,600க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கான நூல் தேர்வு சென்னையில் நடந்தது. பதிப்பாளர் வட்டாரத்தில் இதற்கு 'லைப்ரரி ஆர்டர்' என்று பெயர். ஒரு தலைப்பு தேர்வானால் நூற்றுக்கணக்கில் படிகள் போகும், பாரத்துக்கு, அதாவது அச்சிட்டு மடித்த பக்கக் கட்டு ஒன்றுக்கு, இவ்வளவு என்று விலை போடுவார்கள்.

தமிழ்ப் பதிப்புலகின் பல குணங்களுக்கு இந்த ஒற்றை வாசல்தான் காரணம் என்பது என் எண்ணம். ஆணை வந்த ஆண்டில் அச்சகங்கள் இரவு பகலாக ஓடின. வராத ஆண்டுகளில் சிறு பதிப்பாளர்கள் கடனில் மூழ்கினார்கள். வாசகனே வேண்டாம், ஆணை வந்தால் போதும் என்று அச்சிடப்பட்ட நூல்களும் உண்டு. பாரக் கணக்குக்குத் தோதாக எழுத்தைப் பெரிதாக்கி, வரிக்கு வரி இடைவெளி விட்டுப் பக்கம் வளர்த்தவை அவை. கிளை நூலக அலமாரிகளில் முதுகு மடங்காமல் நிற்கும் அவற்றைப் பார்த்தாலே தெரியும். வாங்கும் அதிகாரம் ஓரிடத்தில் குவிந்தால் விற்பனை முயற்சியும் அங்கேயே குவியும், அது இயற்கை. சிம்மக்கல் நூலகருக்கு விளம்பரத் தொல்லை குறைவாக இருப்பதை அவருடைய அதிர்ஷ்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரிடம் கேட்டுப் பயனில்லை என்பது விற்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2024இல் அரசு கொண்டுவந்த வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை இந்த நிலையைக் கொஞ்சம் அசைத்திருக்கிறது. பதிப்பாளரும் எழுத்தாளரும் இணையதளத்தில் நூலைப் பதிவு செய்கிறார்கள். அங்கே எல்லாருக்கும் ஒரே வாசல், ஒரே படிவம். சென்னைக்குப் போய்ப் படியேறி இறங்கும் வேலை குறைந்திருக்கிறது. வாசலில் நிற்கும் கூட்டத்தை இது ஒழுங்கு செய்யும் என்றுதான் நான் நினைக்கிறேன். தேர்வின் தரம் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களைப் பொறுத்தது. புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஏறத்தாழ 2,13,000 சதுர அடியில் எழுந்த பிறகு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் காலையிலேயே வந்து இடம் பிடிக்கிறார்கள். எந்த நூலுக்கு ஆள் காத்திருக்கிறது, எது தொடப்படாமல் கிடக்கிறது என்பது அந்தத் தளங்களில் நடமாடும் பணியாளருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அந்த அறிவு கொள்முதல் பட்டியலுக்குள் போகும் பாதைதான் இன்னும் குறுகலாக இருக்கிறது.

இனிக் கல்லூரிகள். விற்பனை வெள்ளம் பாய்வது இங்கேதான்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அங்கீகாரக் கையேடு, பாடப்பிரிவுக்கு இத்தனை தலைப்பு, இத்தனை படி என்று கணக்கு வைத்திருக்கிறது. தேசிய மதிப்பீட்டு, அங்கீகாரக் குழு (நாக்) செய்யும் மதிப்பீட்டில் நான்காம் அளவுகோலின் ஒரு பகுதி நூலகத்துக்கு உரியது. மின்னிதழ்ச் சந்தா உண்டா, மின்னூல் உண்டா, ஐந்தாண்டுகளில் சராசரியாக எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அது கேட்கிறது. எத்தனை பேர் படித்தார்கள் என்ற கேள்வியும் அதே தாளில் இருக்கிறது, ஆனால் செலவைக் காட்டுவது எளிது, படிப்பைக் காட்டுவது கடினம். விற்பவர்கள் இதை நூலகரைவிட நன்றாகப் படித்திருக்கிறார்கள். இன்று வரும் மின்னஞ்சல்களில் நூலின் பொருளைப் பற்றி இரண்டு வரி இருந்தால், 'நாக் விசிட்டுக்கு உதவும்' என்பதைப் பற்றி எட்டு வரி இருக்கிறது. ஒருவகையில் நேர்மையான விளம்பரம் என்றே சொல்வேன்.

ஆய்வுக் குழு வரும் தேதி தெரிந்துவிட்டால் கதை வேகம் எடுக்கிறது. 'இரண்டு நாளில் 800 வால்யூம் இறக்கித் தருகிறோம், பார்கோடு ஒட்டி, அக்சஷன் எண் போட்டு' என்ற அழைப்பு நூலகருக்கு வரும். அதே நபர் நிர்வாகத்துக்கும் பேசியிருப்பார். எண்ணிக்கை நிரம்புகிறது. அட்டை பளபளக்கும் அந்த நூல்கள் பல நேரங்களில் பழைய பாடத்திட்டத்தின் மிச்சச் சரக்கு. மார்ச் மாதம் இன்னொரு உச்சம். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவழித்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆண்டு வெட்டு விழும். பங்குனி வெயிலில் வேனில் புத்தகக் கட்டுகளோடு வளாகம் வளாகமாகச் சுற்றும் வணிகர்கள் அதைக் கணக்குப் பண்ணித்தான் வருகிறார்கள். நூலைப் பார்வைக்கு வைத்துவிட்டுப் போவார்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தரலாம். இந்த 'அப்ரூவல்' முறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆசிரியர்கள் வந்து பார்ப்பதற்குள் விலைப்பட்டி எழுதப்பட்டுவிடுவதுதான் கெடுதல்.

கழிவு பற்றி ஒரு வார்த்தை. நூலக வணிகத்தில் கழிவு என்பது தள்ளுபடி, அது வெளிப்படையானது. வெளிநாட்டு நூல்களுக்கு ரூபாய் மாற்று வீதத்தை விற்பவர் இஷ்டப்படி போட்டுவிடக் கூடாது என்று 'குட் ஆஃபிசஸ் கமிட்டி' என்ற வணிகர் அமைப்பின் வீதத்தை நூலகங்கள் நெடுங்காலம் பின்பற்றின. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், நூலகத்துக்கு வாங்கும் நூல்களையும் இதழ்களையும் 'சரக்கு' என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கின்றன. நாற்காலி வாங்குவது போல் மிகக் குறைந்த விலை சொன்னவரிடம் புத்தகம் வாங்க முடியாது என்ற அறிவு அதற்குள் இருக்கிறது. இருந்தும் பல தனியார் கல்லூரிகளில் மூன்று கொட்டேஷன் இல்லாமல் கோப்பு நகராது. அந்த மூன்றும் ஒரே கடையிலிருந்து மூன்று லெட்டர்ஹெட்டில் வரும் என்பது ஊரறிந்த ரகசியம்.

கேட்காமல் வந்த கல்வி நூல்களில் வரவேற்கப்பட்டவையும் உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிரிட்டிஷ் அரசின் உதவியோடு மலிவு விலையில் வந்த ஈ.எல்.பி.எஸ். பாடநூல்கள், அமெரிக்க உதவித் திட்டத்தின் கீழ் அச்சான மறுபதிப்புகள், சோவியத் நாட்டின் மிர் பதிப்பகக் கணித, இயற்பியல் நூல்கள் ஆகிய மூன்றுமே அரசியல் நோக்கத்தோடு அனுப்பப்பட்டவை. பனிப்போரின் இரு தரப்பும் தென்னிந்திய மாணவனுக்கு மலிவாகப் புத்தகம் கொடுக்கப் போட்டி போட்டன. லாபம் மாணவனுக்கு. மிர் பதிப்பகத்தின் கணக்குப் புத்தகத்தை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் ஆசிரியர்கள் உண்டு. அழைக்காமல் வந்தது என்பதால் மட்டும் ஒரு நூல் கெட்டதாகிவிடாது.

மின்னஞ்சல் வெள்ளத்தில் மிக மோசமான பகுதி ஆய்விதழ்கள். இதை முதலில் உரக்கச் சொன்னவரே ஒரு நூலகர்தான். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக டென்வர் வளாகத்தில் வேலை பார்த்த ஜெஃப்ரி பீல், தனக்கு வந்து குவிந்த இதழ் அழைப்புகளில் இலக்கணப் பிழைகளைக் கவனித்து, காசு வாங்கிக்கொண்டு எதையும் வெளியிடும் இதழ்களைப் பட்டியலிட்டார். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை அவரே நீக்கிவிட்டார். 2013இல் 'சயின்ஸ்' இதழுக்காக ஜான் போஹனன் வேண்டுமென்றே பிழை நிறைந்த கட்டுரை ஒன்றை 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அத்தகைய இதழ்களின் மிகப் பெரிய இருப்பிடம் இந்தியா என்பது அதில் தெரியவந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த ஆய்விதழ் நிறுவனமான ஓமிக்ஸ் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

இங்கே இந்த இதழ்களுக்குச் சந்தை எப்படி வந்தது? முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதி அதற்கு உரம் போட்டது. ஆசிரியர் பதவி உயர்வுக்கு மதிப்பெண் என்ற கணக்கு தண்ணீர் ஊற்றியது. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகரித்த பட்டியலிலிருந்து 4,305 இதழ்களைத் தூக்கியது. 2019இல் தரமான இதழ்களுக்கென்று 'கேர்' பட்டியல் வந்தது, 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டார்கள். கட்டாய வெளியீட்டு விதி 2022இலேயே போய்விட்டது. விதிகள் போனாலும் மின்னஞ்சல்கள் நிற்கவில்லை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் மாணவர் 'இந்த ஜர்னல் நல்லதா சார்?' என்று கேட்டுக்கொண்டு நூலகரிடம்தான் வருகிறார். நூலகருக்கு இந்த வேலையை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இன்றைய கல்லூரி நூலகர் செய்யும் மிகப் பயனுள்ள வேலைகளில் இது ஒன்று என்பது என் துணிபு.

இத்தனை பேருக்கும் நூலகரின் முகவரி எப்படிக் கிடைக்கிறது? திருட்டு எதுவும் தேவையில்லை. கல்லூரி தன் இணையதளத்தில் பணியாளர் விவரங்களை வெளியிட வேண்டும் என்பது விதி. அரசு அலுவலகங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு அதையே சொல்கிறது. பொதுமக்களின் கண்ணுக்கு என்று திறந்த சன்னல் வழியாக வணிகர்களும் எட்டிப் பார்க்கிறார்கள். தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் வரும் விற்பனை அழைப்பைத் தடுக்க 1909 எண்ணும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிமுறைகளும் இருக்கின்றன. மின்னஞ்சலும் வாட்ஸ்அப்பும் அதில் சேரவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் எரிச்சலூட்டும் மின்னஞ்சல் பற்றி ஓர் உட்பிரிவு இருந்தது. அந்தப் பிரிவு முழுவதையும் 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, கருத்துரிமைக்கு அது செய்த கேட்டைப் பார்த்தால் சரியான தீர்ப்பு. அமெரிக்காவில் 2003 முதல் இருக்கும் மின்னஞ்சல் விளம்பரச் சட்டம் போல ஒன்று இங்கே வரவில்லை. 2023இன் எண்ணிமத் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சட்டப்படி பொதுவெளியில் வைக்கப்பட்ட தரவுகளைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிடுகிறது. ஆகவே சட்டத்தை நம்பிக் காத்திருப்பதில் பயன் குறைவு.

வடிகட்டி போட்டால் தீராதா என்று கேட்கலாம். வடிகட்டியில் முதலில் சிக்குவது சிறியவர்கள். பெரிய நிறுவனத்தின் பிரதிநிதிக்கு முதல்வரைத் தெரியும், கருத்தரங்குக்கு நிதி கொடுத்திருப்பார், மேடையில் நாற்காலி இருக்கும். மதுரையின் நீர்நிலைகளைப் பற்றியோ கீழக்குயில்குடி சமணச் சின்னங்களைப் பற்றியோ சொந்தக் காசில் அச்சிட்ட நல்ல நூலை வைத்திருப்பவருக்கு நூலகரின் மேசையைத் தவிர வேறு வாசல் இல்லை. எல்லா அழைப்பையும் அடைத்துவிட்டால் கெட்டிக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்துவிடுவார்கள், இவர் மட்டும் வெளியே நிற்பார். 1931இல் ரங்கநாதன் எழுதிய நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்கிறது. அந்த விதியை நடைமுறைப்படுத்த, தெரியாத நூல் நூலகரின் கண்ணில் பட வேண்டும். அப்படிப் படுவதற்கு யாராவது கேட்காமலே கொண்டுவந்துதான் ஆக வேண்டும்.

பயன் தருவதாக நான் பார்த்தது எளிய ஏற்பாடுதான். வாங்கும் நூலுக்கு ஆசிரியரோ மாணவரோ கையெழுத்திட்ட பரிந்துரைத் தாள் இருக்க வேண்டும், தாள் இல்லாத நூலுக்குப் பட்டியல் இல்லை என்று நூலகக் குழு எழுத்தில் தீர்மானிப்பது. வரும் பிரதிநிதியை விரட்ட வேண்டியதில்லை. 'வைத்துவிட்டுப் போங்கள், துறையில் கேட்டால் சொல்கிறேன்' என்று நூலகர் தைரியமாகச் சொல்லலாம். அந்தத் தைரியத்தைத் தருவது தாளாளரும் ஒப்புக்கொண்ட அந்தத் தீர்மானம். அது இல்லாத இடத்தில் நூலகர் வெறும் வரவேற்பாளர்.

இப்போது கூட்டம் நகரும் திசையையும் பார்த்துவிடலாம். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரிகள் போன்ற இடங்களில் பெரிய இதழ்த் தொகுப்பை விற்க இனி யாரும் போக வேண்டியதில்லை, பேரம் டெல்லியிலேயே முடிந்துவிட்டது. லைப்ரரி ஆர்டர் இதழ் உலகத்துக்கும் வந்துவிட்டது என்று சொல்லலாம். சுயநிதிக் கல்லூரிகள் இதில் இல்லை. மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் என்-லிஸ்ட் திட்டம் குறைந்த கட்டணத்தில் கல்லூரிகளுக்கு மின்னிதழ்களும் மின்னூல்களும் தருகிறது. அதை முழுதாகப் பயன்படுத்தாமலே பல லட்சத்துக்கு வேறொரு தொகுப்பு வாங்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு வாசல் அடைபட்ட விற்பனையாளர்கள் எல்லோரும் இப்போது சுற்றுச்சாலைக் கல்லூரிகளுக்குத்தான் வருகிறார்கள். மின்னூல் தொகுப்போடு கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும், செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் காட்டிக்கொடுக்கும் என்று சொல்லப்படும் மென்பொருளும் பையில் இருக்கின்றன.

அவர்கள் முதலில் நீட்டுவது ஒரு மாத இலவச 'ட்ரையல்'. அதைப் பருவத் தேர்வு விடுமுறையில் வாங்கிக்கொண்டால் எதுவும் தெரியாது. வகுப்புகள் நடக்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் கேட்டு வாங்க வேண்டும். முடிவில் விற்பவரின் வாய்க்கணக்கை விட்டுவிட்டு, எந்தத் துறையிலிருந்து எத்தனை கட்டுரை திறக்கப்பட்டது என்ற 'கவுன்டர்' பயன்பாட்டு அறிக்கையைக் கேட்க வேண்டும். மொத்தச் சந்தாவை அந்த எண்ணிக்கையால் வகுத்து, ஒரு கட்டுரைக்கு என்ன விலை விழுகிறது என்று அரைத் தாளில் எழுதித் தாளாளர் மேசையில் வைக்கலாம். அந்த அரைத் தாள் கேட்கப்படுகிற கல்லூரிகள் மதுரைப் பக்கம் இன்னும் மிகக் குறைவு.